கைதாவதற்குப் பதினோரு நாள் முன்பே இறந்தவர்

"ஞாபகம் உள்ளவர்கள் வலது பக்கம் வரிசையில் நிற்கவும்" என்று பலகை வைத்திருந்தார்கள். இடது பக்கம் வரிசையே கிடையாது. இருந்தாலும் வாசலில் இருந்த காவலாளி எங்களை இரண்டு தடவை கேட்டார்.

"ஞாபகம் இருக்கா? நிச்சயமா?"

"இருக்கு" என்றாள் அம்மா.

"யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள போனப்புறம் மாத்த முடியாது."

அந்தக் கட்டடம் எங்களுக்குப் புதிது இல்லை. எங்கள் ஊர் லிம்காங்கில் பழைய போலீஸ் அலுவலகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அதே வாசலில், "வதந்திகளை மறப்பது குடிமக்களின் கடமை" என்று பலகை இருந்தது. ராணுவச் சட்டத்தை விலக்கி ஆறு வருடம் ஆன பிறகு, அதை வெள்ளையடித்து "மாவட்ட நினைவு மீட்புக் குழு" என்று எழுதினார்கள். வெள்ளை ஒரு பூச்சுதான் அடித்திருந்தார்கள். வெயில் சரியாக விழுந்தால் பழைய எழுத்தும் தெரியும்.

அம்மா நேராக மூன்றாம் ஜன்னலுக்குப் போய் நின்றாள். யாரும் அவளை மூன்றாம் ஜன்னலுக்குப் போகச் சொல்லவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு வாராவாரம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த ஜன்னல் அது. தைபே சிறைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள், ஆள் செத்துவிட்டார், இனிக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள்; என்றைக்கு என்று சொல்லவில்லை. கால் தானாகவே அங்கே போயிற்று போலும்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி இருந்தாள்.

"எந்த வகை ஞாபகம் அத்தை? நேர்ல பார்த்ததா, கேள்விப்பட்டதா, மனசால உணர்ந்ததா?"

"நான் ஞாபகம் குடுக்க வரல கண்ணு. ஒரு தேதி வாங்கிட்டுப் போக வந்தேன். எங்க வீட்டுக்காரரு என்னைக்கு, எத்தனை மணிக்குச் செத்தாருன்னு எழுதிக் குடு. போயிடறேன்."

அந்தப் பெண் படிவத்தைப் புரட்டினாள். பின்பக்கமும் பார்த்தாள்.

"தேதி நாங்க குடுக்கிறதில்ல அத்தை. ஞாபகம் வாங்கறோம், அவ்வளவுதான்."

அம்மா கேட்டது பெரிய விஷயம் இல்லை. எங்கள் வீட்டுப் பூசை மேசையில் அப்பாவுக்கு ஒரு மரப்பலகை இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். அதற்குள் மெல்லிய மரச்சட்டம் ஒன்று செருகியிருக்கும். அதில் பிறந்த நாளும் நேரமும் ஒரு வரி, இறந்த நாளும் நேரமும் ஒரு வரி. இரண்டாவது வரி எழுதாதவரை இறந்தவரைக் குடும்பத்து முன்னோர்களோடு சேர்க்க முடியாது. அவருக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை, ஓரமாக, தனிக் கிண்ணத்தில் சோறு. நாற்பத்தொரு வருடமாக அப்பா தன் சொந்த வீட்டில் விருந்தாளியாக நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருடம் மருத்துவர் அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று சொல்லியிருந்தார். அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "நான் செத்தா நேரா உள்ள போயிடுவேன். எனக்கு தேதி இருக்கும்" என்றாள். "அவரு அப்பவும் வெளியவே நிப்பாரு. நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டிருக்கணுமா?"

ஜன்னலில் இருந்த பெண் நல்லவள். முதலில் கணவரின் மரணம் ஞாபகமாகப் பதிவாக வேண்டும், பதிவானால் சான்றிதழ் வரும், சான்றிதழில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது என்று விளக்கினாள். பதிவுக்குக் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், அவரைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"காலை ஒம்பது மணிக்கு, சந்தை நாள்ல, தெரு நடுவுல பிடிச்சாங்க. ரெண்டு பேர் என்ன, இருநூறு பேர் பாத்தாங்க" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனோம்.

தையல்காரர் அன்றைக்கு தைனானில் இருந்தார். முடிவெட்டுகிறவருக்குக் காய்ச்சல், அதுவும் பக்கத்து ஊரில். சேமியாக் கடைக்காரி தன் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தாள். தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டதில் அவளும் ஊரில் இல்லை. அரிசிக் கடைக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "குவேலி அக்கா, நான் அப்போ பிறக்கவே இல்லியே" என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது.

"அன்னைக்கு ஊரே காலியா இருந்திருக்கு" என்றாள் அம்மா திரும்பி வரும்போது. "போலீஸ்காரன் ஒருத்தன் மட்டும்தான் ஊர்ல இருந்திருக்கான்."

சொல்லிவிட்டு நின்றாள். பிறகு திரும்பி, நினைவு மீட்புக் குழுவின் துணைத் தலைவர் வீட்டுத் தெருவை நோக்கி நடந்தாள்.

துணைத் தலைவர் ஹுவாங் தெமாவ்தான் அப்பாவைப் பிடித்தவர். குழுவை அமைத்தபோது, மாவட்டத்திலேயே அந்தக் காலம் தெளிவாக ஞாபகம் இருப்பவர் யார் என்று தேடியிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் மறந்துபோனதாகச் சொன்னதால் அவரையே நியமித்தார்கள். மாதம் இரண்டு முறை பள்ளிக்கூடங்களுக்குப் போய் "மறக்காமல் இருப்பது எப்படி" என்று பேசுவார்.

எங்களை நன்றாக வரவேற்றார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"வா தங்கச்சி. இதுதான் பெங்சுன் பொண்ணா? கிம்ஹோ. அன்னைக்கு நாலு வயசு. கையில பச்சைக் கலர் விசிறி வச்சிருந்தே. சரியா?"

சரிதான். எனக்கே மறந்துபோயிருந்தது.

"எனக்கு எதுவும் மறக்காது" என்றார். "அன்னைக்கு உங்க கடையில நாலு மீன் வடை வாங்கினேன். சூடா இருந்துச்சு. திங்கும்போதுதான் கட்டிக் குடுத்த தாளைப் படிச்சேன். தடைசெய்த பத்திரிகை. வடையைத் தின்னு முடிச்சுட்டுத்தான் போய்ப் பிடிச்சேன். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பழைய பேப்பர்காரன் எடைக்குக் குடுத்த தாளு அது. அவருக்குச் சீன எழுத்தே வாசிக்க வராது. ஜப்பான்காரன் நம்மை ஆண்டப்போ அவன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு."

"அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. அறிக்கையிலயே எழுதினேன்: 'வாசிக்கத் தெரியாததுபோல் நடிக்கிறார்'."

சாட்சிக் கையெழுத்தைத் தயங்காமல் போட்டார். அம்மா தேதியைக் கேட்டாள்.

"அது முடியாது தங்கச்சி. பிடிச்சதைப் பார்த்தது பொது ஞாபகம். தேதி உத்தியோகத்துல இருந்தப்போ தெரிஞ்சது. அது ரகசியம். ரகசியத்தைக் காப்பாத்துற ஆளுன்னுதான் என்னை நினைவுக் குழுவுலயே போட்டிருக்காங்க." வாசல்வரை வந்து வழியனுப்பும்போது பெருமூச்சு விட்டார். "அந்த வடை ருசி இன்னும் நாக்குல இருக்கு. அதுக்கப்புறம் மார்ச் மாசம் வரைக்கும் சாப்பிட்டேன். அந்த மாதிரி இப்போ யார் போடறா?"

தெருமுனை வரும்வரை அம்மா வேகமாக நடந்தாள்.

"கடையை டிசம்பர் ஒண்ணாந்தேதியே சாத்திட்டேன்" என்றாள் பிறகு. "அதுக்கப்புறம் பொரிச்சதெல்லாம் உங்கப்பாவுக்குக் கட்டின பொட்டலத்துல மட்டும்தான்."

இரண்டாவது சாட்சிக்காக நாங்கள் அலைய வேண்டி வரவில்லை. மாவட்டத் தலைவர் தேர்தல் நெருங்கியிருந்தது. நினைவுச் சுவர் திறப்பு விழாவில் சாட்சிகளுக்கு முன்வரிசை நாற்காலியும், கோழிக்கால் வைத்த சாப்பாட்டுப் பெட்டியும் உண்டு என்று அறிவித்தார்கள். மறுநாளே எங்கள் தெருவில் இருபத்து மூன்று பேருக்கு ஞாபகம் வந்துவிட்டது. தையல்காரர் தைனானிலிருந்து அன்று காலையே திரும்பிவிட்டிருந்தார். அரிசிக் கடைக்காரர் பிறந்துவிட்டார். சேமியாக் கடைக்காரி, அப்பா தலையை நிமிர்த்திப் பாட்டுப் பாடிக்கொண்டே போனார் என்று எழுதிக் கொடுத்தாள்.

"என்ன பாட்டுடி?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் கேட்காதீங்க அக்கா. படிவத்துல அதுக்கு இடம் இல்ல."

இதற்குள் பிரச்சார லாரிகளும் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டன. காலையில் ஒரு லாரி, "லியாவ் பெங்சுன் உயிரைக் கொடுத்தது எதற்காக? பல் டாக்டர் சியாவுக்கு வாக்களியுங்கள்!" என்று கத்திக்கொண்டு போகும். மாலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து மாவட்டத் தலைவர் கோ அவர்களின் லாரி வரும். "லியாவ் பெங்சுன் மன்னித்துவிட்டார்! நீங்களும் மன்னியுங்கள்!"

"நாப்பத்தொரு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல" என்றாள் அம்மா மீனைக் கழுவிக்கொண்டே. "லாரிக்காரங்ககிட்ட மட்டும் தினமும் பேசறாரு."

சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம், சிவப்பு முத்திரை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்தேன். தேதியைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னடி?"

"நவம்பர் இருபதுன்னு போட்டிருக்கும்மா."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "அவரைப் பிடிச்சது டிசம்பர் ஒண்ணு."

மறுபடியும் மூன்றாம் ஜன்னல். கண்ணாடிப் பெண் ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். மாவட்டத்தில் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். ஆளுக்கொரு தேதியில் நினைத்தால் நினைவு சிதறிவிடும் என்று குழு கருதியது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக நவம்பர் இருபது. அது தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு வந்தது தற்செயல் என்று சுற்றறிக்கையின் கடைசி வரியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

"கண்ணு, இதன்படி பாத்தா, அவரு செத்துப் பதினோரு நாள் கழிச்சுல்ல கைதாயிருக்காரு?"

"ஆமா அத்தை. கணக்கு சரிதான்."

"செத்தவரு பதினோரு நாள் உக்காந்து மீன் வடை தட்டினாரா?"

பெண் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். "அந்தப் பதினோரு நாளை அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்த சலுகையா எடுத்துக்கச் சொல்றாங்க" என்றாள். சொல்லும்போது அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை. நினைவுக் குழுவுக்கும் தலைவரான மாவட்டத் தலைவர் கோவே வந்திருந்தார். மெல்லிய குரல், எப்போதும் ஈரமாக இருக்கும் கண்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் உதவியாளர் பக்கத்திலேயே நிற்பார். திறப்பு விழாவில் எல்லாக் குடும்பங்களின் சார்பாகவும் அம்மா மேடை ஏறுவதாக ஏற்பாடு. எங்கள் அப்பாவின் பெயர் இரண்டு லாரிகளிலும் வருவதால் எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கடைசியா என்ன சொன்னார்?" என்று தலைவர் கேட்டார்.

"'அடுப்பைக் குறை, எண்ணெய் புகையுது'ன்னு சொன்னாரு."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு ஆழமான வார்த்தை! அடுப்புன்னா அடக்குமுறை. புகைன்னா மக்களோட கோபம். ஆனா சுவர்ல இடம் குறைவு. 'ஜனநாயகம் வாழ்க'ன்னு சுருக்கிக்கலாம்."

"அவரு அடுப்பைத்தான் சொன்னாரு."

"உங்களுக்கு அப்படி ஞாபகம். அது தனி ஞாபகம். தனி ஞாபகம் புண் மாதிரிம்மா, நோண்ட நோண்ட வலிக்கும். அதைப் பொது ஞாபகமா மாத்தி எங்ககிட்ட குடுத்துட்டா, உங்களுக்கு வலி போயிடும், எங்களுக்கு..." என்று கொஞ்சம் நிறுத்தினார். "நாட்டுக்கு நல்லது. நான் வெளிப்படையாவே பேசறேன். மறக்கச் சொல்லி உத்தரவு போட்ட கட்சியிலதான் நானும் இருந்தேன், இருக்கேன். மறக்கடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தானே எதை ஞாபகப்படுத்தணும்னும் தெரியும்?"

உதவியாளர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் ஒரு தடவை அழச் சொல்லிப் பார்த்தார்கள். சேமியாக் கடைக்காரி நன்றாக அழுதாள். அரிசிக் கடைக்காரரை இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள்.

"மேடையில நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாள் அம்மா. "எனக்குப் பேச வராது. சுவருக்கு முன்னால ஊதுவத்தி கொளுத்திக் கும்பிடறேன். போதுமா?"

"அருமை" என்றார் தலைவர். "அதான் வேணும். பேச்சு நான் பார்த்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பூசை மேசையின் இழுப்பறையைத் திறந்து, பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். சாமியிடமும் செத்தவர்களிடமும் கேள்வி கேட்க எங்கள் ஊரில் போடுவது அதுதான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் உருண்டைப் பக்கம் மேலே விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே விழுந்தால் சிரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

விழா அன்று தொள்ளாயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். கறுப்புக் கல் சுவரில் அப்பாவின் பெயர், அதன்கீழ் "ஜனநாயகம் வாழ்க". சுவரின் அடியில் குழு உறுப்பினர்களின் பெயர்கள். அப்பா பெயரைவிட ஹுவாங் தெமாவ் பெயர் இரண்டு விரல் அளவு பெரிது. ஒரு நிமிட மௌனம் முப்பத்தைந்து விநாடியில் முடிந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் பதினொன்றரைக்குப் பல் டாக்டரின் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அவசரம்.

அம்மா மேடை ஏறினாள். நான் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அம்மா கும்பிட்டாள். பிறகு பையிலிருந்து மரத்துண்டுகளை எடுத்தாள்.

"பெங்சுன்" என்றாள் சுவரைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோல. ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நீ நவம்பர் இருபதாந்தேதி செத்தேன்னு ஐயாமாருங்க சொல்றாங்க. நெசமா?"

போட்டாள். இரண்டும் உருண்டை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"இல்லைங்கறாரு" என்றாள் அம்மா. "சரி, டிசம்பர் ரெண்டா?"

உருண்டை. "டிசம்பர் மூணா?" இரண்டும் தட்டை. "சிரிக்கிறாரு. நாலா?"

தலைவர் கோ புன்னகையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொள்ளாயிரம் பேரும் சாமி கும்பிடுகிறவர்கள். அதைவிட முக்கியம், வாக்குப் போடுகிறவர்கள். கணவனிடம் பேசும் பெண்ணை மேடையிலிருந்து இறக்க முடியாது. டிசம்பர் ஒன்பது வந்தது. பதினான்கு வந்தது. தொலைக்காட்சிக்காரர் ஒருவர் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

தலைவர் துணைத் தலைவர் பக்கம் சாய்ந்தார். தன் சட்டையில் இன்னொரு ஒலிவாங்கி குத்தியிருந்ததை அவர் மறந்துவிட்டார். நினைவுக் குழுவின் தலைவர் அந்த ஒன்றைத்தான் உண்மையாகவே மறந்தார் என்று நினைக்கிறேன்.

"யோவ், உனக்குத் தேதி தெரியும்ல? சொல்லித் தொலையேன்! என் பேச்சு டிவியில வரணும்யா!"

"ரகசியம் ஐயா, அது..."

"நான் உத்தரவு போடறேன்."

உத்தரவு என்றதும் ஹுவாங் எழுந்து விறைப்பாக நின்றார். நாற்பது வருடப் பழக்கம். குரலும் அந்தக் காலத்துக் குரலாக மாறிவிட்டது.

"லியாவ் பெங்சுன். அடுத்த வருஷம் பிப்ரவரி பதினேழு, விடிகாலை அஞ்சு நாற்பது. தைபேயிலிருந்து அறிவிப்பு பிப்ரவரி இருபதில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன் ஐயா!"

அம்மா துண்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "நான் மார்ச் கடைசி வரைக்கும் மூணாம் ஜன்னல்ல பொட்டலம் குடுத்தேனே. வாங்கி வச்சீங்களே."

ஹுவாங்குக்கு எதுவும் மறக்காது. ஆனால் அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முன்வரிசையில் அரிசிக் கடைக்காரர் கையில் இருந்த கோழிக்காலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார். ஒத்திகை இல்லாமலே அழுதார்.

அம்மா கடைசியாக ஒரு தடவை போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. குனிந்து இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

தலைவர் கோ ஒரு விநாடி மட்டும்தான் தடுமாறினார். உடனே ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பார்த்தீர்களா! உங்கள் கண் முன்னாலேயே ஒரு நினைவு மீட்கப்பட்டது! இதுதான் என் ஆட்சியின் சாதனை!" எங்கோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "மறைக்காமல் சொன்ன துணைத் தலைவருக்கு 'துணிச்சலான நினைவாளர்' விருது வழங்குகிறோம்!"

நாங்கள் பேருந்தில் வீட்டுக்கு வந்தோம். பலகையில் சந்திரக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பதால், வழியில் பஞ்சாங்கக் கடையில் தேதியை மாற்றிக் கேட்டோம். முதல் மாதம் நாலாம் நாள், முயல் வேளை, அதாவது காலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். புத்தாண்டு பிறந்து நாலாம் நாள். அன்றைக்கு அம்மா அப்பாவுக்காகப் புத்தாண்டு வடை பொரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மெல்லிய சட்டத்தில் நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்காது, பள்ளியைப் பதின்மூன்று வயதில் விட்டவள். ஆனாலும் அம்மா வேறு யாரையும் எழுத விடவில்லை. மை காய்ந்ததும் தனிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

தேர்தலில் கோ தோற்றார். பல் டாக்டர் சியா ஜெயித்தார். பழைய குழு கலைக்கப்பட்டது. "உண்மை நினைவு மீட்புக் குழு" என்று புதிதாக ஒன்று வந்தது. பலகைக்கு மறுபடியும் ஒரு பூச்சு வெள்ளை. முந்தைய ஆட்சியில் பதிவான ஞாபகங்கள் செல்லாது, அனைவரும் புதிதாகப் பதிய வேண்டும் என்று லாரி சொல்லிக்கொண்டு போனது. புதிய குழுவுக்கும் அனுபவமுள்ளவர் ஒருவர் தேவைப்பட்டது. துணைத் தலைவர் ஹுவாங் தெமாவ்.

ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. ஆண்டு விழாவுக்கு அம்மா மறுபடியும் மேடை ஏற வேண்டுமாம். அந்த மரத்துண்டுகளையும் கொண்டுவந்தால் நன்றாக இருக்குமாம். ஆனால் இந்த முறை மூன்றாவது தடவையிலேயே ஆமாம் விழுகிற மாதிரி.

அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புகை லேசாக எழும்பத் தொடங்கியிருந்தது.

"உங்க கணவரைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அது போதும்" என்றார் ஒருவர், பேனாவைத் திறந்துகொண்டு.

அம்மா எட்டி அடுப்பைக் குறைத்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றாள். "அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல."